இருபத்தைந்து கிலோ மூட்டையும் ஹெவிவெயிட் வழக்கும்

வணக்கம். வழக்கமான ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக் காணொளி அடுத்த வாரம் வரும். இன்று வேறொன்று பேசியாக வேண்டும். நேற்று மாலையிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

நேற்று சிங்கப்பூர் தேக்காவில் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தேன். குத்துச்சண்டையின் மிகக் கனமான எடைப் பிரிவான ஹெவிவெயிட்டில் வெற்றியாளராக இருந்த முகம்மது அலியின் படம் சுவரில் மாட்டியிருக்குமே, அதே கடை. பக்கத்து நாற்காலியில் இருந்த தம்பி ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இவர்களெல்லாம் அந்தக் காலத்துக்குச் சரி. இன்றைய ஆட்கள் முன்னால் இரண்டு சுற்றுகூட நிற்க மாட்டார்கள். எடை போதாது" என்றார். என் கழுத்தில் சவரக்கத்தி இருந்தது, வாய் திறக்க முடியவில்லை. எழுந்து பார்த்தால் ஆள் போய்விட்டார். அவருக்குச் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்கிறேன்.

அதற்கு முன் அரிசிக் கதை. இதுவும் அதே வழக்கைச் சேர்ந்ததுதான். முடி வெட்டியபின் கோயில் அன்னதானத்துக்காக 25 கிலோ பொன்னி அரிசி வாங்கினேன். கடைக்காரர் 54 வெள்ளி என்றார். நான் 50 என்றேன். அவர் 53க்கு இறங்கினார். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை நடந்தேன். "சரி, 51 கொடுங்கள், கோயில் காரியம்" என்று கூப்பிட்டார். மூன்று வெள்ளி மிச்சம்! அந்த மூன்று வெள்ளியில் தே தாரிக் குடித்துவிட்டு, நல்ல மனநிலையில் டாக்சி பிடித்து வீட்டுக்கு வந்தால் எங்கள் புளோக்கில் மின்தூக்கி பழுது. நான் இருப்பது ஏழாவது மாடி.

மூட்டையைத் தோளில் போட்டு ஏறினேன். நான்காவது மாடிவரை ஒன்றும் தெரியவில்லை. ஐந்தில் கால் கனத்தது. ஆறில் மூட்டை கழுத்தை அழுத்த ஆரம்பித்தது. அசையாத பாரம் அது, ஆனாலும் மூச்சை வாங்கிவிடுகிறது. அங்கேயே படியில் உட்கார்ந்தபோதுதான் அந்தத் தம்பி சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது என்று பட்டது. 2024 டிசம்பரில் ரியாத்தில் ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோதியபோது டைசன் ஃபியூரி சுமார் 127 கிலோ, ஒலெக்சாண்டர் உசிக் சுமார் 102 கிலோ. வித்தியாசம் ஒரு அரிசி மூட்டை. ஃபியூரி மாதிரி 206 செண்டிமீட்டர் ஆள் கட்டிப்பிடித்து, கழுத்தின்மேல் கையை வைத்துச் சாய்ந்தால், எதிராளிக்கு நான் ஏறிய ஆறாவது மாடிதான்.

ஆனால் வென்றது யார்? உசிக்! அந்த ஆண்டு மே மாதம் ஒரு முறை, டிசம்பரில் மறுமுறை. இரண்டும் 12 சுற்று. ஆக 24 சுற்று அந்த மூட்டையோடு மல்லுக்கட்டி, இரண்டு முறையும் அவர் கையைத்தான் நடுவர் தூக்கினார். மே மாதச் சண்டையின் ஒன்பதாவது சுற்றை மீண்டும் பாருங்கள். ஃபியூரி கயிற்றுக்குக் கயிறு தள்ளாடுகிறார், நடுவர் எண்ணத் தொடங்குகிறார்.

உசிக்கின் உயரம் 191 செண்டிமீட்டர். அலியின் உயரமும் அதேதான். மணிலாவில் 1975 அக்டோபரில் ஜோ ஃபிரேசியரோடு மோதியபோது அலியின் எடையும் ஏறக்குறைய 102 கிலோ. இன்றைய தலைசிறந்த ஹெவிவெயிட், எழுபதுகளின் அளவில் இருக்கிற ஒருவர்! எடை போதாது என்று யாரைச் சொல்கிறோம்?

காலங்களை ஒப்பிட, கணினியில் இரண்டு பேரை மோதவிடும் வேலை எனக்கு அறவே பிடிக்காது. 1970இலேயே அலியையும் ஐம்பதுகளின் வெற்றியாளர் ராக்கி மார்சியானோவையும் அப்படி மோதவிட்டுத் திரையில் காட்டினார்கள். அமெரிக்காவில் மார்சியானோ 13ஆம் சுற்றில் வென்றார், ஐரோப்பாவில் காட்டிய முடிவில் அலி வென்றார். பார்க்கிறவர்களுக்கு ஏற்ற முடிவு. அதில் என்ன நியாயம் இருக்கிறது?

நான் நம்புவது இரண்டு காலத்திலும் வளையத்துக்குள் நின்ற ஆட்களை. ஜார்ஜ் ஃபோர்மன் 1973இல் கிங்ஸ்டனில் ஃபிரேசியரை இரண்டே சுற்றில் ஆறு முறை தரையில் விழவைத்தார். அடுத்த ஆண்டு கின்ஷாசாவில் எட்டாவது சுற்றில் அலியிடம் விழுந்தார். சொல்ல மறந்துவிட்டேன், அந்த 1974இல்தான் நம் சிங்கப்பூரின் சையது அப்துல் காதர் காமன்வெல்த் விளையாட்டுகளில் குத்துச்சண்டையில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். மிகச் சிறிய எடைப் பிரிவு, ஆனால் அதைச் சொல்லாமல் 1974ஐ நான் தாண்ட மாட்டேன்.

ஃபோர்மனுக்கு வருகிறேன். இருபது ஆண்டு கழித்து, 1994 நவம்பரில், 45 வயதில், கின்ஷாசாவில் போட்ட அதே சிவப்புக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு மைக்கேல் மூரர் முன்னால் நின்றார். மூரருக்கு 26 வயது, அதுவரை தோல்வியே காணாதவர். அந்த ஏப்ரலில்தான் ஹோலிஃபீல்டை வென்று பட்டம் வாங்கியிருந்தார். ஒன்பது சுற்று ஃபோர்மன் வாங்கிக்கொண்டே இருந்தார், புள்ளிகளிலும் பின்தங்கிவிட்டார். பத்தாவதில் வலக்கை ஒன்று, நேராகத் தாடையில். மூரர் மல்லாந்து கிடந்தார். ஃபோர்மன் மூலைக்குப் போய் மண்டியிட்டுப் பிரார்த்தித்தார். அன்று ஃபோர்மனின் மூலையில் இருந்தவர் ஆஞ்சலோ டண்டி, கின்ஷாசாவில் அலியின் மூலையில் இருந்த அதே பயிற்சியாளர்! இதை எப்போது சொன்னாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

லேரி ஹோம்ஸும் அப்படித்தான். அலிக்குப் பயிற்சித் துணையாக இருந்து வளர்ந்தவர், 42 வயதில், 1992இல், ஒலிம்பிக் தங்கம் வென்ற ரே மெர்சரைப் புள்ளிக் கணக்கில் வென்றார். தொண்ணூறுகள் பலவீனமான காலமா என்றால் இல்லவே இல்லை. லெனக்ஸ் லூயிஸ், ஹோலிஃபீல்ட், போவ், மைக் டைசன் எல்லாம் இருந்த காலம். அதற்குள் எழுபதுகளின் ஆள், வேகமெல்லாம் போன பிறகு வந்து, வென்றுவிட்டுப் போகிறார் என்றால், முழுப் பலத்தில் இருந்தபோது அவர்கள் எப்படி இருந்திருப்பார்கள்?

எழுபதுகளை நான் தலையில் வைத்துக் கொண்டாடுவதற்கு இன்னொரு காரணம், யாரும் யாரையும் தவிர்க்கவில்லை. அலி, ஃபிரேசியர், ஃபோர்மன், நார்ட்டன் ஒருவரோடொருவர் மோதினார்கள். நார்ட்டன் அலியின் தாடையையே உடைத்தார். ஃபிரேசியரும் நார்ட்டனும் மட்டும் மோதவில்லை, அவர்கள் இருவரும் எடி ஃபுட்ச்சிடம் பயிற்சி பெற்றவர்கள். பிறகு வந்த கிளிச்கோ சகோதரர்கள் ஒருவரோடொருவர் மோதவே இல்லை. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு, அதை நான் மதிக்கிறேன், ஆனால் அந்தக் காலம் எனக்கு உப்பில்லாத சாப்பாடு. நான்கு அமைப்புகள் தனித்தனியாக உலகப் பட்டம் கொடுக்கும் முறையை அடியோடு வெறுக்கிறேன். 1999இல் லெனக்ஸ் லூயிஸுக்குப் பிறகு மறுக்க முடியாத ஒரே வெற்றியாளரைப் பார்க்க, 2024இல் உசிக் வரும்வரை காத்திருக்க வைத்தார்கள்!

மார்சியானோ ரசிகர்கள் கோபப்பட வேண்டாம். 49 சண்டை, 49 வெற்றி, தலைவணங்குகிறேன். ஆனால் 85 கிலோக்காரரை இன்று ஹெவிவெயிட்டுக்குக் கீழே உள்ள குரூசர்வெயிட்டில்தான் நிறுத்துவார்கள். அங்கே அந்தத் தம்பி சொன்னது சரி.

அவர் மாதம் ஒருமுறை, முதல் சனிக்கிழமை, அங்கே வருவாராம். முடிதிருத்தும் அண்ணன் சொன்னார். நானும் அன்றைக்கே போகிறேன். கைத்தொலைபேசியில் மூரர் சண்டையின் பத்தாவது சுற்றை எடுத்து வைத்திருக்கிறேன். இந்த முறை அவர் கழுத்தில் கத்தி இருக்கும்போது காட்ட மாட்டேன், அவரும் பதில் சொல்ல வேண்டுமே.