பவளத்தைப் பார்த்துக்கொள்கிறவர்கள்

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நம் மாவட்டத்தில் குதிரை என்றதும் பலருக்கும் வாகனம்தான் நினைவுக்கு வரும். விஜயதசமியன்று பகவதி அம்மன் குதிரை வாகனத்தில் மகாதானபுரத்துக்குப் பரிவேட்டைக்குப் போவதும், சாமித்தோப்பில் எட்டாம் திருவிழா அன்று அய்யா வெள்ளைக் குதிரையில் கலிவேட்டைக்கு எழுந்தருள்வதும் சின்ன வயதிலிருந்து நாம் பார்த்து வளர்ந்தவை. உயிருள்ள குதிரையைக் கட்டிப்போட்டு வளர்க்கிற வீடுகள் குறைவு. அதனாலேயே, அதற்கு ஒன்று என்றால் ஓடிவருகிற ஆட்களும் குறைவு. அப்படி எனக்குக் கிடைத்த சிலரைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

தேரூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் நிற்கிறவள் பெயர் பவளம். குஜராத் பக்கத்துக் கத்தியவார் இனம். காது இரண்டும் உள்பக்கமாக வளைந்து, நுனியில் ஒன்றையொன்று தொடப் பார்க்கும். எட்டு வருடத்துக்கு முன் ஒரு ஆடி மாதம், அந்தியூர் குருநாதசுவாமி கோவில் சந்தையில் வாங்கினோம்.

அவளுக்கு லாடம் அடிக்கிறவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சுத்தியல், குறடு, அரம், குளம்பு சீவுகிற கத்தி எல்லாவற்றையும் ஒரு சாக்குப் பையில் போட்டுக்கொண்டு, முதல் பஸ் பிடித்து ஆரல்வாய்மொழி தாண்டி வந்து இறங்குவார். குதிரைக் குளம்பு நம் நகம் போல வளர்ந்துகொண்டே இருக்கும். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி அடிக்க வேண்டும். தள்ளிப்போட்டால் கால் ஊன்றுகிற விதமே மாறிவிடும்.

காலைத் தூக்கித் தன் முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டதும் அவர் முதலில் செய்வது, குனிந்து முகர்ந்து பார்ப்பது. குளம்பின் அடியில், நடுவில், ரப்பர் போல முக்கோணமாக ஒரு பகுதி உண்டு. அதன் ஓரப் பள்ளங்களில் லத்தியும் ஈரமண்ணும் அடைந்து கிடந்தால் அழுக ஆரம்பித்துவிடும். நமக்கோ இடவப்பாதியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. கத்தியவார் வறண்ட பூமி. இரண்டு வருடத்துக்கு முன் அப்படியொரு மழைக்காலத்தில் பவளம் நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தாள். அவர் முகர்ந்தார், கத்தி நுனியால் லேசாகச் சுரண்டி என் பக்கம் நீட்டினார். கறுப்பாக, நாற்றத்தோடு வந்தது. "அண்ணாச்சி, முதல்ல தரையைக் காயப்போடுங்க. மருந்தெல்லாம் அப்புறம்" என்றார். அன்று சாயங்காலமே லாயத்துத் தரையை மேடாக்கி, தண்ணீர் வடிய ஓடை வெட்டினேன். ஒரு மாதத்தில் ஆறிவிட்டது.

ஆனால் பவளம் இன்றைக்கு உயிரோடு நிற்பதற்குக் காரணம், புல் அறுத்துக் கொண்டுவருகிற அக்கா. கும்பப்பூ அறுப்பு முடிந்த சமயம், வைக்கோல் மலிவாகக் கிடைத்தது. பச்சைப்புல்லைப் பாதிக்கு மேல் குறைத்து, ஒரே நாளில் வைக்கோலுக்கு மாற்றிவிட்டேன். தப்பு என்னுடையதுதான். குதிரைக்குத் தீனியை மாற்றுவதென்றால் ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். மாடு அசைபோடும், நாய் கக்கிவிடும், குதிரையால் இரண்டும் முடியாது. உள்ளே போனது பின்வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும்.

அந்திநேரம். அக்கா புல்லுக்கட்டை இறக்கிப் போட்டுவிட்டு, வழக்கம்போலக் கிளம்பவில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி லாயத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, பிள்ளைக்கு என்னமோ செய்யுது. புல்லைத் தொடல்ல. வயித்தைத் திரும்பித் திரும்பிப் பாக்கா."

போய்ப் பார்த்தேன். முன்காலால் தரையைப் பறித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கை ஓடவில்லை. அப்போது உதவியது ஒரு பாட்டா. இளவயதில் நாகர்கோவிலில் குதிரைவண்டி ஓட்டியவர், இப்போது இல்லை. குதிரையின் தாடை எலும்புக்கு அடியில் விரலை வைத்து நாடி பார்க்க அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். "நூல் மாதிரி உருளும், மக்களே, அவசரப்படாமத் தேடு" என்பார். சும்மா நிற்கிற குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். அன்று அறுபதுக்கு மேலே எண்ணினேன். டாக்டருக்கு போன் போட்டு எண்ணிக்கையைச் சொன்னதும், மறுபேச்சு இல்லாமல் "நடத்திக்கிட்டே இருங்க, புரள விடாதீங்க, வர்றேன்" என்றார்.

பகல் முழுக்க மாடும் ஆடும் பார்த்த மனிதர், ராத்திரி ஸ்கூட்டரில் வந்தார். விலாவில் காது குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். எப்போதும் கடமுடவென்று இரைகிற வயிறு அன்று அமைதியாக இருந்தது. மூக்கு வழியாகக் குழாயை இரைப்பை வரை இறக்கி, வாயு வெளியேறியதா என்று பார்த்து, எண்ணெயும் வெதுவெதுப்பான தண்ணீரும் விட்டார், வலிக்கு ஊசி போட்டார். அத்தனை நேரமும் டார்ச் பிடித்தது அக்காதான். விடியற்காலை மூன்று மணிக்குப் பவளம் லத்தி போட்டாள். அந்தச் சத்தம் கேட்டு நான் அழுதுவிட்டேன்.

குதிரை வளர்க்கிறவர்கள், மாடு வளர்க்கிறவர்களும்தான், 1962 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கால்நடைகளுக்கான அரசு ஆம்புலன்ஸ் அது. பெரிய சிக்கல் என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். வடசேரியில் செருப்பு தைக்கிறவர். சேணத்து வார் அறுந்தால், குதிரையின் தோலில் உரசாதபடி முடிச்சை வெளிப்பக்கமாக விட்டுத் தைத்துக் கொடுப்பார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

இவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? கூலியைக் குறைக்காமல் கொடுக்கலாம், அது கடமை. எனக்குத் தெரிந்த நல்ல வழி, அவர்கள் வரும்போது குதிரையைத் தயாராக வைத்திருப்பது. போன ஐப்பசியில் பவளம் காலை உதறியதில் லாடக்காரருக்குக் கையில் காயம் பட்டது. அன்றிலிருந்து தினமும் காலையில், தோளோரம் நின்று, கையைக் கால்வழியாகக் கீழே இறக்கி, நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்துப் பழக்குகிறேன். இப்போது கை முழங்காலுக்குக் கீழே போனதுமே தானாகக் காலைத் தருகிறாள்.

வருகிற புதன்கிழமை அவர் வருகிறார். செவ்வாய் இரவே குளம்புகளைக் கழுவித் துடைத்து, காய்ந்த தரையில் கட்டிவிடுவேன். விடிந்ததும் அவளுக்குக் காணம் வேகவைக்க வேண்டும். பஸ் ஆறே முக்காலுக்கு வந்துவிடும், அதற்குள் அவருக்கு டீயும் போட வேண்டும்.

வணக்கம்.