பத்து விதைக்கு இருபது

(தாம்பரம் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றின் மாடித் தோட்டக் குழு, 2024 டிசம்பரில் நடத்திய ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். மைக் இரைகிறது, கொஞ்சம் தள்ளி நின்றே பேசுகிறேன். பின்வரிசையில் கேட்காவிட்டால் கையைத் தூக்குங்கள். சுண்டல் கடைசியில்தான். போன வருஷம் முதலிலேயே கொடுத்துவிட்டு, பாதிக் கூட்டம் படியிறங்கிப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான்.

ஆண்டறிக்கை என்று ஒன்றை இந்த மாதத் தொடக்கத்திலேயே எழுதி முடித்துவிட்டேன். இத்தனை நாற்று கொடுத்தோம், இத்தனை செடிப் பை கொடுத்தோம், இத்தனை வகுப்பு நடத்தினோம். எழுதி முடித்துப் படித்தால் எல்லாமே கொடுத்த கணக்காக இருக்கிறது. ஆடி மாதம் இதே ஹாலில் வரிசையில் நின்று வாங்கிப் போனீர்களே கத்தரி நாற்று, அதில் இன்றைக்கு எத்தனை உயிரோடு இருக்கிறது? அறிக்கையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. சரி, நேரிலேயே பார்த்துவிடலாம் என்று நானும் பொருளாளர் அம்மாவும் போன வாரம் வீடு வீடாகப் படியேறினோம். அவருக்கு முழங்கால் வலி. அதையும் பொறுத்துக்கொண்டு வந்தார்.

ஆறு நாற்று வாங்கிய வீட்டில் ஒன்று இருந்தது, இரண்டு இருந்தது. சில வீடுகளில் பை மட்டும் இருந்தது. ஒரு வீட்டில் அந்தப் பைக்குள் துணி கிளிப் போட்டு வைத்திருந்தார்கள். எந்த வீடு என்று சொல்ல மாட்டேன். எங்களுக்கு அங்கே நல்ல காபி கொடுத்தார்கள்.

செடி போனதற்குப் பழியை எல்லாரும் மழை மேல் போடுகிறோம். மழையும் ஒரு காரணம்தான், ஆனால் முதல் தப்பு நம்முடையது. மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்று ஒரு கடையில் கோகோபீட், அதாவது தேங்காய் மட்டைத் தூளை அழுத்திச் செய்த கட்டி வாங்கினோம். ஐந்து கிலோ கட்டி ஒன்று ஊறினால் சுமார் 70 லிட்டருக்கு உப்பிவிடும். பார்க்கவே சந்தோஷமாக இருக்கும், உடனே மண்ணோடு கலந்துவிடத் தோன்றும். நாமும் அப்படித்தான் கலந்தோம். தேங்காய் மட்டையிலேயே இயல்பாக உப்பு உண்டு. உப்பங்கழியில் ஊறப்போட்ட மட்டை என்றால் கேட்கவே வேண்டாம். இரண்டே வாரத்தில் நாற்றின் இலை நுனி காகிதம் கருகினது மாதிரி பழுப்பாகச் சுருண்டது. தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் ஊற்றினோம்.

கட்டியை ஊறவைத்து, பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, திரும்ப நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். முதல் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் வரும். அது வெளுக்கிறவரை விடக்கூடாது. கடைக்காரர் சொல்லவில்லை, அது அவர் தப்பு. நாமும் கேட்கவில்லையே.

அப்புறம் புயல். நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. விழுப்புரம் மாவட்டம் பட்ட பாட்டைப் பார்த்தால் நம் புடலைப் பந்தல் சரிந்ததையெல்லாம் ஒரு இழப்பாகச் சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு ஒன்று கவனித்தேன். அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்டு, கீழே செங்கல் முட்டுக் கொடுத்து வைத்திருந்த பைகள் அத்தனை மழைக்கும் அசையவில்லை. தரையோடு உட்கார்ந்திருந்த பைகளில் வேர் அழுகிவிட்டது. சென்னைக்கு வருஷத்தில் பெய்கிற சுமார் 140 சென்டிமீட்டரில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டித்தான் கொட்டுகிறது. அது தெரிந்தும் ஆடியில் பை வைக்கும்போது செங்கலுக்குச் சோம்பல்படுகிறோம்.

போட்டியைப் பற்றி இரண்டே வார்த்தை. சிறந்த மாடித் தோட்டப் பரிசு அடுத்த வருஷம் கிடையாது. நடுவர்கள் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் நர்சரியிலிருந்து ஆட்டோவில் சாமந்தித் தொட்டிகள் வந்து இறங்கியதை எங்கள் வீட்டு பால்கனியிலிருந்தே பார்த்தேன். சிரிக்காதீர்கள். ஒரு வீடு இல்லை, மூன்று வீடு.

நவம்பரில் கதீட்ரல் சாலைக்குப் போய்வந்தோம். அக்டோபரில் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவைப் பார்க்க வேண்டும் என்று ஒரு கட்சி, எதிரே செம்மொழிப் பூங்காவே போதும் என்று ஒரு கட்சி. இரண்டையும் பார்த்தோம். கண்ணாடி மாளிகைக்குள் ஒவ்வொரு செடியாக நின்று படம் எடுத்தவர்கள் உண்டு. ஜிப்லைனில் தொங்கிப் போன மூத்த உறுப்பினரும் உண்டு, அவர் பெயர் வீட்டுக்குத் தெரியக்கூடாதாம். அந்தச் சாலையில்தான் 1835இல் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டமும் இருந்தது. இந்த ஊரில் தோட்டக்காரர்கள் ஒன்று கூடி உட்கார்ந்து பேசுவது கிட்டத்தட்ட 190 வருஷப் பழக்கம் என்று பஸ்ஸில் ஒருவர் சொன்னார். அத்தனை வருஷமும் மாவுப்பூச்சியைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள் என்றார் இன்னொருவர்.

நம் வாட்ஸ்அப் குழுவில் இந்த வருஷம் அதிகம் வந்த கேள்வியும் அதுதான். பப்பாளியில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கிறது, என்ன மருந்து அடிக்க? அடிப்பதற்கு முன்னால் ஒரு பழைய கதை கேளுங்கள். இந்தப் பப்பாளி மாவுப்பூச்சி நம் நாட்டுப் பூச்சியே இல்லை. 2008இல் கோயம்புத்தூர் பக்கம்தான் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டார்கள். பப்பாளியோடு நிற்கவில்லை. மல்பெரி, மரவள்ளி என்று தாவி, பட்டுப்புழு வளர்த்தவர்களையும் சேர்த்து அழவைத்தது. அடித்த மருந்தெல்லாம் அதன் மெழுகுப் பூச்சுக்கு மேலேயே வழிந்து போனது. கடைசியில் 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குட்டிக் குளவிகளை வரவழைத்துப் பெருக்கி விட்டார்கள். அதில் ஒன்று, அசரோஃபேகஸ் பப்பாயே என்று பெயர், கடுகைவிடச் சின்னது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். அதன் புழு உள்ளேயிருந்தே தின்று தீர்த்துவிட்டு ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். அதுதான் அந்தக் கொள்ளையை அடக்கியது.

அந்தக் குளவி நம் மாடிக்கும் வருகிறது. எங்கள் வீட்டுப் பப்பாளியில் ஒரு பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வெள்ளைப் பஞ்சுக்கு நடுவே பழுப்பாக உப்பி, தோல் மட்டுமாகக் காய்ந்துபோன பூச்சிகள். சிலவற்றின் முதுகில் குண்டூசி குத்தின மாதிரி ஒரு துளை. அப்படிப் பத்துப் பதினைந்து தெரிந்தால் மருந்தைக் கையில் எடுக்காதீர்கள், நமக்காக ஒருவர் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். எறும்பை மட்டும் விரட்டுங்கள். மாவுப்பூச்சி சுரக்கிற தித்திப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், குளவியைக் கிட்டே விடாது.

சரி, அடுத்த வருஷத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இன்றைக்கு எழுந்ததே.

நாற்று வாங்கி விநியோகம் செய்வதை நிறுத்திவிடலாம் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. முகத்தைச் சுளிக்காதீர்கள். அதற்குப் பதிலாக விதை. நம் விதை.

நெல் ஜெயராமனை உங்களில் பலருக்குத் தெரியும். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தினார். இதே டிசம்பரில், 2018இல்தான் காலமானார். 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டவர் என்று எல்லாரும் சொல்கிறோம். ஆனால் எனக்குப் பிடித்தது அவர் வைத்திருந்த ஏற்பாடு. விவசாயிக்கு இரண்டு கிலோ விதைநெல் இலவசம். அடுத்த வருஷம் அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அவ்வளவுதான். வாங்கிப் போனவர் அதை விளைவித்தே ஆக வேண்டும். செடி பிழைத்ததா என்று யாரும் படியேறிப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை, விதை திரும்பி வருவதே கணக்கு. பொருளாளர் அம்மாவின் முழங்காலும் தப்பிக்கும்.

நாமும் அதையே செய்யப் போகிறோம். கத்தரி, தக்காளி, வெண்டை, மிளகாய் என்றால் பத்து விதை எடுத்துப் போங்கள், இருபதாகக் கொண்டு வாருங்கள். முற்றிய கத்தரிக்காய் ஒன்றிலேயே நூற்றுக்கணக்கில் விதை இருக்கும், அதனால் பயப்பட வேண்டாம். சுரை, பீர்க்கு, பாகல் என்றால் மூன்று விதை, திரும்ப ஆறு. விதையைப் பரிமாறச் சட்டம் இடம் தருமா என்று ஒரு சார் கேட்டார். வக்கீலாக இருந்தவர், அப்படித்தான் கேட்பார். 2001இல் வந்த பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் விளைந்த விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் உழவருக்கு இடம் கொடுக்கிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை பிராண்டு பெயர் போட்டு விற்பதுதான் கூடாது. பிராண்டு பெயர் வைக்கிற நிலைமைக்கு நாம் வந்தால் அப்போது யோசிக்கலாம்.

ஒரு நிபந்தனை. ஹைபிரிட் பாக்கெட் விதையை இந்தப் பெட்டிக்குள் போடாதீர்கள். அது முதல் தலைமுறையில் நன்றாகக் காய்க்கும். அதிலிருந்து விதை எடுத்து நட்டால் ஒன்று தாத்தா மாதிரி, ஒன்று சித்தப்பா மாதிரி வரும். நாட்டு ரகம் மட்டும் போடுங்கள். தொடக்கத்துக்கு நம்மிடம் நல்ல சரக்கு ஒன்று இருக்கிறது. வேலூர்க்காரரான உறுப்பினர் ஒருவர் ஊருக்குப் போனபோது இலவம்பாடி முள்ளுக் கத்தரி விதை கொண்டு வந்தார். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய கத்தரி. காம்பில் முள், இலையில் முள், பறிக்கப் போனால் கையில் முள். கொத்சுக்கு அதை மிஞ்சியது இல்லை. அவர் மாடியில் இரண்டு செடியில் காயைப் பறிக்காமல் மஞ்சளாகப் பழுக்க விட்டிருக்கிறார். வீட்டில் தினமும் சண்டையாம், நல்ல காயை வீணடிக்கிறீர்களே என்று.

சுரைக்காய் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்றாவது குறுக்குத் தெருவில் நம் அக்கா ஒருவர், வருஷம் முழுக்கப் பிஞ்சு மஞ்சளாகிக் கொட்டுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மோர்க் கரைசல், மீன் அமிலம், எல்லாம் ஊற்றினார். ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அங்கே போனேன். சுரை வெள்ளைப் பூ, அந்தியில்தான் விரியும். காலையில் வேலை பார்க்கிற தேனீ அந்த நேரத்துக்குக் கூட்டுக்குப் போயிருக்கும். அந்துப்பூச்சி வந்தால் காய் பிடிக்கும், வராவிட்டால் பிஞ்சு விழும். கொடியில் ஏழெட்டுப் பூ விரிந்திருந்தது. எது ஆண், எது பெண் என்று அவருக்குத் தெரியவில்லை. செல்போன் வெளிச்சத்தை அடித்துக் காட்டினேன். நீளக் காம்பில் வெறும் பூவாக நிற்பது ஆண். பூவுக்குக் கீழே விரல் நீளத்தில், மெல்லிய ரோமத்தோடு, பால் குடிக்கிற பிள்ளை மாதிரி ஒரு பிஞ்சு ஒட்டியிருந்தால் பெண். ஆண் பூவைக் கிள்ளி, இதழைப் பின்னால் மடித்து, நடுவிலுள்ள மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் மெதுவாக ஒற்றச் சொன்னேன். கை நடுங்கியது அவருக்கு. இரண்டே நாளில் அந்தப் பிஞ்சின் கழுத்து குனிந்தது. குனிந்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் காய் இப்போது முழங்கை நீளம்.

விதைக்கு விடுகிற காய் என்றால் கூடுதலாக ஒரு வேலை. சாயங்காலம் விரியப் போகிற ஆண் மொட்டு, பெண் மொட்டு இரண்டின் வாயையும் மத்தியானமே நூலால் கட்டிவிடுங்கள். அந்தியில் அவிழ்த்து, ஒற்றி, பெண் பூவைத் திரும்பக் கட்டிவிட வேண்டும். பக்கத்து மாடிக் குண்டுச் சுரை நம் நீளச் சுரையோடு கலக்காமல் இருக்கத்தான் இது. காயைக் கொடியிலேயே காய விடுங்கள். குலுக்கினால் உள்ளே கலகலவென்று சத்தம் வர வேண்டும். தக்காளி விதையை அப்படியே காயவைக்காதீர்கள், மேலே வழவழப்பாக ஒரு உறை இருக்கும், முளைக்க விடாது. சாறோடு டம்ளரில் இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு அலசி, நிழலில் உலர்த்துங்கள்.

சேமிப்பதற்கு மூடி இறுகின கண்ணாடி பாட்டில்கள் வாங்கியாயிற்று. ஒவ்வொன்றிலும் வறுத்து ஆறவைத்த அரிசி ஒரு துணி முடிச்சு, ஈரம் இழுக்க. தலைவர் வீட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டை அவர் மனைவி ஒதுக்கித் தந்திருக்கிறார். மாவுப் பாத்திரம் வைக்கிற இடத்தை விட்டுக்கொடுத்தது சாதாரண விஷயம் இல்லை, கை தட்டுங்கள்.

ஜனவரி 13 போகி. பழைய பாய், சருகு எதையும் கொளுத்தாதீர்கள். முதல் நாளே ஹால் வாசலில் சேர்த்து வையுங்கள். கோரைப் பாயை வட்டமாக வெட்டித் தொட்டி மண் மேல் போட்டால் கோடையில் தண்ணீர் பாதி மிச்சம், போன வருஷம் நான் செய்து பார்த்தது. பிளாஸ்டிக் பாயைத் தயவுசெய்து கொண்டுவராதீர்கள். மறுநாள் பொங்கலுக்கு மஞ்சள் கொத்து கடையில் வாங்க வேண்டாம், வைகாசியில் பையில் நட்ட மஞ்சள் பல வீடுகளில் தயாராக இருக்கிறது. இல்லாத வீட்டுக்கு இருக்கிற வீடு கொடுக்கட்டும். பொங்கல் முடிந்ததும் தைப் பட்டம், முதல் விதை விநியோகம் அந்த ஞாயிற்றுக்கிழமை.

வரவு செலவை அம்மா வாசிப்பார், நான் தொடவில்லை.

விதை கொண்டுவரும்போது காகிதக் கவரில் போட்டு, மேலே ரகம், எடுத்த மாதம், உங்கள் கதவு எண் எழுதுங்கள். பென்சிலில் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துபோய், போன வருஷம் ஒரு கவரில் இருந்தது மிளகாயா கத்தரியா என்று கடைசிவரை தெரியவில்லை. முளைத்து வந்தது தக்காளி.

சுண்டல் வந்துவிட்டது. இந்தப் பக்கமாக வாருங்கள்.