போட்டோவுல தென்னங்கீற்று ஓரத்துல ஊதாக் கோடு ஏன் வருது?

[காட்சி: வெளிறிய வானம், முன்னால் தென்னங்கீற்று. ஓரம் 200% பெரிதாக.]

கீற்றோட ஓரம் முழுக்க மெல்லிசா ஊதாக் கோடு ஓடுது, பாருங்க. லென்ஸ் கண்ணாடி நீல ஒளியை அதிகமாவும் சிவப்பைக் குறைவாவும் வளைக்கும். அதனால எல்லா நிறமும் ஒரே இடத்துல வந்து சேராது. 'குரோமாட்டிக் அபரேஷன்'ங்கற இந்தப் பிசகு ரெண்டு விதம். எதுன்னு தெரியாம எடிட்டிங்ல கை வெச்சா நேரம்தான் வீண்.

[காட்சி: படத்தின் மூலை, கட்டடத்தின் ஜன்னல் கம்பி]

மூலையில மட்டும் தெரியுதா? கம்பியோட ஒரு பக்கம் சிவப்பு, எதிர்ப்பக்கம் நீலப்பச்சையா? அப்போ நிறத்துக்கு நிறம் பிம்பத்தோட அளவு மாறியிருக்கு. அப்பர்ச்சரை, அதாவது லென்ஸ்ல ஒளி நுழையற துளையைச் சின்னதாக்கினாலும் இது போகாது. ஆனா லைட்ரூம்ங்கற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல 'ரிமூவ் குரோமாட்டிக் அபரேஷன்' டிக் பண்ணினா பெரும்பாலும் சரியாயிடும்.

[காட்சி: 45 டிகிரி சாய்த்து வைத்த ஸ்கேல்]

தொல்லை தர்றது ரெண்டாவது விதம். படத்தோட நடுவுலயும் வரும். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ்ல, ஸ்கேலோட 15 செ.மீ. கோட்டுல ஃபோகஸ் வெச்சு அப்பர்ச்சரை 1.8, 2.8, 4-ன்னு மாத்தி மூணு படம் எடுங்க; எண் கூடக் கூட துளை சின்னதாகும். 1.8-ல ஃபோகஸுக்கு முன்னால இருக்கற கோடுகள்ல ஊதா, பின்னால பச்சை. 4-க்கு வரும்போது நல்லாவே குறைஞ்சிருக்கும்.

அது ஏன் ஊதாவும் பச்சையும்? கிரவுன், ஃபிளின்ட்னு ரெண்டு வகைக் கண்ணாடியைச் சேர்த்து, சிவப்பையும் நீலத்தையும் ஒரே இடத்துல குவிக்கற லென்ஸுக்கு 1758-ல லண்டன்ல ஜான் டோலண்ட் காப்புரிமை வாங்கினார். இன்னைக்கும் அடிப்படை அதுதான். அந்த ரெண்டும் ஒண்ணு சேருது, பச்சை தனியா நிக்குது. சிவப்பும் நீலமும் சேர்ந்து கலங்கினா ஊதா, பச்சை கலங்கினா பச்சை. நிறங்களைக் குறைவா பிரிக்கற இ.டி. கண்ணாடி போட்ட லென்ஸ்ல இந்த மிச்சம் குறைவு.

வானம் வெந்து வெள்ளையாகற அளவுக்கு எக்ஸ்போஷர் கொடுத்தா, கண்ணுக்குத் தெரியாம இருந்த கசிவும் பளிச்சுனு தெரியும். அதனால எஃப் 4-க்குப் போங்க, எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் வரைக்கும் (அதாவது ஒளி பாதியாகற வரைக்கும்) குறைங்க, ரா-வுல, அதாவது கேமரா பதப்படுத்தாத ஃபைலா எடுங்க.

[காட்சி: லைட்ரூம், டீஃபிரிஞ்ச் ஸ்லைடர்]

அப்படியும் மிச்சம் இருந்தா, ஓரத்து நிறத்தை நீக்கற டீஃபிரிஞ்ச். 100%-க்கு மேல பெரிதாக்கி, நிறத்தைத் தேர்ந்தெடுக்கற ஐட்ராப்பரால ஊதா ஓரத்தைத் தொடுங்க. ஆனா படத்துல கத்திரிப்பூ கலர் புடவை இருந்தா அதோட ஓரமும் சாம்பலாயிடும். அந்த மாதிரிப் படத்துல மொத்தமா போடாம, பிரஷ்ஷை எடுத்து கீற்று மேல மட்டும் தடவுங்க.