அட்வான்ஸ் கட்டிக்கொடுத்தால் போதுமா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

சேலத்திலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "நாங்கள் சிலர் சேர்ந்து ஞாயிறுதோறும் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சாப்பாடு கொடுக்கிறோம். கைக்குழந்தையோடு பிளாட்பாரத்தில் படுக்கிற குடும்பங்களைப் பார்க்கிறோம். வீடற்றோர் காப்பகம் இருந்தும் ஏன் இவர்கள் போவதில்லை? நாங்களே அட்வான்ஸ் கட்டி வாடகை வீட்டில் குடிவைத்தால் சரியாகிவிடுமா?"

முதலில் காப்பகம். ஒரு லட்சம் பேருக்கு ஒரு நிரந்தரக் காப்பகம் வேண்டும், அது வருடம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்ற உத்தரவை ஒட்டி வந்த விதி. 2011 கணக்கெடுப்பிலேயே சேலம் மாநகராட்சியில் 8 லட்சத்துக்கும் மேல் மக்கள். அப்படியானால் 8 காப்பகமாவது வேண்டும். ஆனால் சிக்கல் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. பல இடங்களில் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. வளர்ந்த பையனைப் பெண்கள் காப்பகத்தில் பொதுவாகச் சேர்க்க மாட்டார்கள். கணவன் ஓர் இடம், மனைவி ஓர் இடம், பையன் இன்னோர் இடம் என்றால் எந்தத் தாய் சம்மதிப்பாள்? பிளாட்பாரத்தில் எல்லோரும் ஒன்றாகவாவது இருக்கலாம் என்றுதான் நினைப்பாள். அதைப் பிடிவாதம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். குடும்பத்தோடு தங்கும் காப்பகமும் விதிமுறையில் உண்டு. அதை மாநகராட்சியிடம் கேளுங்கள்.

அப்புறம் அட்வான்ஸ். தாராளமாகக் கட்டுங்கள். தினக்கூலியில் வாடகையைச் சமாளித்துவிடுகிறவர்களுக்கும் அட்வான்ஸ் தொகையை மொத்தமாகப் புரட்டுவதுதான் முடியாமல் போகிறது. ஆனால் வீடு எங்கே என்று பாருங்கள். லீ பஜாரில் மூட்டை தூக்குபவரை, பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் அம்மாவை ஊருக்கு வெளியே குடிவைத்தால், விடியற்காலை வேலைக்கு பஸ் கிடைக்காது. கொஞ்ச நாளில் பழைய இடத்துக்கே வந்துவிடுவார்கள். சென்னையில் ஊருக்கு நடுவிலிருந்து தொலைவில் உள்ள கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். வீடு சின்னதாக இருந்தாலும் கிச்சிப்பாளையம், செவ்வாய்ப்பேட்டை பக்கமே தேடுங்கள்.

வாடகை ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. அது உங்கள் குழுவின் பெயரில் இருக்கக் கூடாது, குடிபோகும் குடும்பத்துப் பெண்ணின் பெயரில் இருக்கட்டும். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்தத் தாள்தான் முகவரிச் சான்று. அதை வைத்து ரேஷன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். கார்டு வந்தால் அரிசி இலவசம். மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகைக்கும் ரேஷன் கார்டுதான் அடிப்படை. அரிசிச் செலவு குறைந்தாலே வாடகை தவறாது. வாக்காளர் அட்டைக்கு வீடு கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீடற்றவர்களுக்கு முகவரிச் சான்று கேட்பதில்லை. அவர்கள் சொல்லும் இடத்தில்தான் தூங்குகிறார்களா என்று வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து பார்ப்பார், அவ்வளவுதான்.

பல நல்ல குழுக்கள் சாவியைக் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு, அடுத்த குடும்பத்துக்குப் போய்விடுகின்றன. எனக்கு அதில் மிகுந்த வருத்தம். குழந்தைக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் கூலி போனால் அந்த மாத வாடகை நிற்கும். கந்துவட்டிக்காரர் வாசலுக்கு வருவார். ஓனர் காலி செய்யச் சொல்வார். உங்களிடம் உள்ள பணத்தில் பத்துக் குடும்பத்துக்கு அட்வான்ஸ் கட்ட முடியும் என்றாலும், மூன்று குடும்பத்தோடு நிறுத்துங்கள். மிச்சத்தை இந்த மாதிரி மாதத்துக்கு எடுத்து வையுங்கள். முதல் வருடம் ஒருவர் மாதாமாதம் போய்ப் பார்க்கட்டும், ஓனரிடமும் பேசட்டும். பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். வயதுச் சான்று இல்லை என்று அங்கே திருப்பி அனுப்ப முடியாது, 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் அது இருக்கிறது.

சொந்த வீடு வேண்டும் என்றால் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடம் கேட்க வேண்டும். பழைய பெயரில் குடிசை மாற்று வாரியம் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வேறு வீடு இருக்கக் கூடாது. பயனாளி பங்குத் தொகையும் கட்ட வேண்டியிருக்கும், அதற்கு இப்போதிருந்தே ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கிக்கொடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் வீடு கேட்டு மனு கொடுக்கும்போது அந்தப் பெண்ணே கொடுக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். ரசீதை மட்டும் மறக்காமல் வாங்கி வையுங்கள்.