செலவுப் பக்கத்து ஆட்கள்

(ஊர்க் கணக்கு எழுதுவோர் கூடிய ஒரு கூட்டத்தில், பாளையங்கோட்டையில் பேசியதன் எழுத்து வடிவம்)

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, எல்லாருக்கும் வணக்கம்.

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் ரோட்டில் போனால் மானூர். அந்த ஊர்க் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தது, ஏறக்குறைய 1,200 வருஷப் பழசு. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். அது 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தது. மானூர் அதற்கும் மூத்தது. ஊர்ச் சபையில் யார் உட்காரலாம், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அதில் உள்ள சங்கதி. எதைச் சொன்னாலும் ‘கூடாது, கூடாது’ என்று மறித்துக் காரியத்தைக் கெடுப்பவருக்கு ஐந்து காசு தண்டம். அவருக்கு ஒத்து ஊதுகிறவருக்கும் அதே தண்டம். சிரிக்கிறீர்கள். உங்கள் ஊர்க் கூட்டத்தில் யார் முகம் ஞாபகம் வந்தது என்று நான் கேட்கமாட்டேன்.

அதே கல்வெட்டு, நிலப்பங்கும் சாஸ்திரப் படிப்பும் உள்ளவருக்குத்தான் சபையில் இடம் என்கிறது. நாற்று நட்டவர், மடை திறந்தவர், சபை கூடிய இடத்தைப் பெருக்கியவர் பெயர் அந்தக் கல்லில் கிடையாது. அன்றைய செலவுச் சிட்டை, அதாவது அன்றாடக் கணக்குச் சீட்டு, ஒன்று கிடைத்திருந்தால் அவர்களும் கிடைத்திருப்பார்கள்.

நான் சொல்ல வந்ததே இதுதான். ஓர் ஊர் யாரையெல்லாம் தன் ஆள் என்று ஒப்புக்கொண்டது என்பது வரவுப் பக்கத்தில் இருக்கும். யாரை வைத்து ஊர் நடந்தது என்பது செலவுப் பக்கத்தில் இருக்கும். வரவை அழகாகப் பேரேட்டில் ஏற்றி பீரோவில் பூட்டுகிறோம். செலவுத் துண்டுச் சீட்டுகளை எடைக்குப் போடுகிறோம்.

கொடை, அதாவது ஊர்க் கோயில் திருவிழா, அதன் கணக்கு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுடலைமாடன் கொடையோ அம்மன் கொடையோ, முதல் ஏழெட்டுப் பக்கம் தலைக்கட்டு வரி. வீட்டுக்கு ஒரு பேர், அதுவும் ஆம்பளை பேர். புருஷனை இழந்த வீட்டுக்குச் சில ஊர்களில் அரை வரி, சில ஊர்களில் வரியே இல்லை. சலுகைதான். ஆனால் வரி இல்லையென்றால் பேரும் இல்லை. அந்த அம்மாள் அந்த ஊரில் இருந்ததற்கே நோட்டில் தடயம் கிடையாது. தெற்குத் தெரு ஆட்களும் வரிதாரர் பட்டியலில் வரமாட்டார்கள். ஏன் என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இனி செலவுக்கு வாருங்கள். வில்லுப்பாட்டுக்கு அச்சாரம் இவ்வளவு. கணியான் கூத்துக்கு இவ்வளவு, கூத்தாடுகிறவர் கையைக் கீறி ரத்தம் கொடுக்கும் கைவெட்டுக்குத் தனி. மேளம், பந்தல், பூ, கிடா. மாத்து, அதாவது சாமிக்கு வெளுத்த துணி, விரித்தவருக்கு நெல், தீவட்டி பிடித்தவருக்குப் படி. தப்பு அடித்தவருக்குக் கூலியும் ஒரு துண்டும். வரவில் வராத தெரு மொத்தமும் இங்கே வந்து நிற்கிறது, சில நேரம் தகப்பன் பேரோடு. பழைய நோட்டில் ‘அவன்’ என்று எழுதியிருப்பார்கள், மரியாதை இருக்காது. இருந்தாலும் அந்த மனிதர் அந்த ராத்திரி அங்கே நின்றதற்கு வேறு சாட்சி உலகத்தில் எங்கேயும் இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். ஒரு கொடை வரைக்கும் பெட்ரோமாக்ஸ் லைட்டு வாடகை எழுதியிருக்கும். அடுத்த கொடையில் அது போய் சீரியல் செட்டும் ரேடியோ செட்டும் வந்திருக்கும். உங்கள் ஊருக்குக் கரண்ட் எப்போது வந்தது என்று மின்வாரியத்தில் போய்க் கேட்க வேண்டாம், சுடலையே சொல்லிவிடுவார்.

கொடை மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். நம் பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளில் ஒரு குருவானவரின் கீழுள்ள சபைகளைச் சேகரம் என்கிறோமே, அந்தச் சேகரக் கமிட்டி எல்லாருக்கும் விருந்து வைக்கிற அசனப் பண்டிகையின் கணக்கும் இதே ஜாதிதான். அரிசி எத்தனை மூட்டை, விறகு யார் வெட்டினது, பந்தி எத்தனை என்று எல்லாம் இருக்கும். இந்த மண்ணில் சபைகள் சங்கம் வைத்துக் கணக்கு எழுதிப் பழகியது நேற்றல்ல. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியேற்ற மிஷனெரி ரேனியஸ் ஐயர் தர்ம சங்கம் தொடங்கியது 1830-இல். பின்னாளில் பேராயரான அசரியாவும் மற்றவர்களும் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியது 1903-இல். பெரிய சங்கங்களின் தாள்களைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. உள்ளூர்ச் சபையின் கைப்பிடி அரிசிக் காணிக்கை நோட்டு அப்படியில்லை, யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. உலையில் போடும் முன் ஒரு பிடி எடுத்து வைத்தது பொம்பளைகள். அவர்கள் பேர் வரவுப் பக்கத்தில் நிற்கிற நோட்டு அது ஒன்றுதான் என்று சொல்லக்கூடிய சபைகள் இருக்கின்றன. பள்ளிவாசல் ஜமாஅத்தில் நிக்காஹ் தப்தர், அதாவது கல்யாணப் பதிவேடு, பத்திரமாக இருக்கும். நாலு பேருக்குச் சட்டப்படி தேவைப்படுகிறது, அதனால் பிழைத்தது. நோன்புக் கஞ்சிக் கணக்கு பெரும்பாலும் பிழைப்பதில்லை.

பெண்கள் தங்கள் பேரிலேயே சந்தா கட்டிய நோட்டு வேண்டுமென்றால் மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம் பக்கம் போக வேண்டும். பீடி சுற்றிய அக்காமாரின் சங்கச் சந்தா அடிக்கட்டைகளும் பாஸ் புத்தகங்களும் பரணில் கிடக்கின்றன. 1990-களில் வந்த மகளிர் சுயஉதவிக் குழுத் தீர்மான நோட்டுகளும் அப்படியே. ‘இதெல்லாம் நேத்தைக்குள்ளது, இதைப் போய் ஆவணம்ங்கியளே’ என்று ஒருவர் என்னிடம் கேட்டார். எடைக்குப் போகிற வேகத்தில் இவைதான் முந்தும். அதனால்தான் முதலில் சொல்கிறேன்.

‘இதையெல்லாம் கவர்ன்மெண்ட் பாத்துக்கிடாதா?’ என்று கேட்பீர்கள். 1975-ஆம் வருஷச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்த சங்கம் வருஷா வருஷம் ஐந்தொகையையும் நிர்வாகிகள் பட்டியலையும் பதிவாளருக்கு அனுப்புகிறது. சிட்டை அங்கே போவதில்லை, ஊரில்தான் நிற்கிறது. பதிவே செய்யாத ஊர் அமைப்புகளை நான் கணக்கில் சேர்க்கவேயில்லை.

அரசாங்கக் கட்டடமும் அசையாத இடம் அல்ல. 1908 மார்ச் 13-இல், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பிடிபட்டதை ஒட்டி நடந்த திருநெல்வேலி எழுச்சியில், ஊரிலிருந்த பொது அலுவலகங்களின் சாமான்களும் தாள்களும் எரிந்தன. நகராட்சி அலுவலகம் முழுக்கப் போயிற்று. தப்பியது சார் பதிவாளர் அலுவலகம் மட்டும் என்று வெள்ளைக்கார அரசாங்கம் வைத்த ரௌலட் கமிட்டி எழுதி வைத்திருக்கிறது. மாவட்டமும் ஓரிடத்தில் நிற்கவில்லை. 1910-இல் வடக்கே ஒரு பகுதி ராமநாதபுரத்துக்குப் போயிற்று, 1986-இல் தூத்துக்குடி பிரிந்தது, 2019-இல் தென்காசி. கோப்பு எந்த ஊர் அலுவலகத்தில் இருக்கிறது என்று தேடவே ஒரு ஆள் வேண்டும்.

பழைய நோட்டைப் படிக்கிறவர்களுக்கு ஒரு கைக்குறிப்பு. நம் பழைய நோட்டுகளில் மலையாள நாட்டிலும் வழங்கும் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். இங்கிலீஷ் வருஷம் வேண்டுமென்றால், ஆவணி முதல் மார்கழி பாதி வரை 824-ஐக் கூட்டுங்கள், அதற்குப் பிறகு 825. கொல்லம் 1100 ஆவணி என்றால் 1924. அறுபது வருஷச் சுற்றில் வரும் பேரை மட்டும், வெறுமே ‘ராட்சச வருஷம்’ என்று எழுதியிருந்தால் 1915-ஆ 1975-ஆ என்று முழிக்க வேண்டாம். கணக்கு அணாவில் இருந்தால் முன்னது, அணா இல்லாமல் ரூபாய், பைசாவில் இருந்தால் பின்னது. 1957 ஏப்ரலில் காசு மாறியது.

அடுத்தது கொஞ்சம் கசப்பான விஷயம். தீர்மான நோட்டில் தெண்டம் போட்டது இருக்கும், ஊர் விலக்கு வைத்தது இருக்கும். ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணின பிள்ளைகள் பேர் இருக்கும். அவர்கள் பேரப்பிள்ளைகள் இதே தெருவில் இருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று ஒரு கட்சி, வாட்ஸ்அப்பில் போட்டுவிடலாம் என்று இன்னொரு கட்சி. இரண்டும் தப்பு. கிழித்தால் ஊர் செய்த அநியாயத்துக்குச் சாட்சி போயிற்று. பரப்பினால் அந்த அநியாயத்தை இரண்டாவது தடவை செய்கிறோம். படம் எடுத்து வையுங்கள். அந்தக் குடும்பத்தார் சம்மதம் இல்லாமல் வெளியே காட்டாதீர்கள்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. ராமபாணப் பூச்சிக்குப் பசை என்றால் உயிர், பைண்டிங்கிலிருந்துதான் தின்னத் தொடங்கும். செல்லோடேப் ஒட்டாதீர்கள். லேமினேஷன் கூடவே கூடாது, பிறகு பிரிக்க முடியாது. குண்டூசி துருப்பிடித்தால் அதைச் சுற்றித் தாள் உதிரும், எடுத்துவிட்டு நூலால் கட்டுங்கள். வெளுத்த காடாத் துணியில் சுற்றித் தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரையில் வீட்டுக்குள் தண்ணீர் வராத ஊரைத் தேட வேண்டியிருந்தது. நனைந்த நோட்டை வெயிலில் போட்டால் முறுக்கிக்கொள்ளும். நிழலில், ஃபேன் காற்றில், எழுத்தில்லாத வெள்ளைத் தாளை இடையிடையே வைத்து, தாளை மாற்றி மாற்றி உலர்த்துங்கள். ஒட்டிக்கிடக்கிற பக்கத்தை அவசரப்பட்டுப் பிரிக்க வேண்டாம். பால்பாயிண்ட் எழுத்து பெரும்பாலும் நிற்கும். பேனா மை கரையும், அதனால் மை நோட்டுக்கு முதல் கவனிப்பு.

கடைசியாக, நோட்டை எங்களிடம் தாருங்கள் என்று நான் கேட்க வரவில்லை. ஊரிலேயே இருக்கட்டும். செல்போன் போதும். அட்டையில் தொடங்கி, வெற்றுப் பக்கத்தையும் விடாமல், நோட்டுக்குள் செருகியிருக்கும் பூக்கடைச் சீட்டு, பந்தல்காரர் ரசீது வரைக்கும் அந்தந்த இடத்தில் வைத்தே படம் எடுங்கள். சீட்டைத் தனியாக உருவி எடுத்தால் அது எந்தக் கொடைக்கு என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. கணக்கு எழுதுகிறவர் மாறும்போது, குத்துவிளக்கையும் உண்டியல் சாவியையும் எழுதி ஒப்படைக்கிற அதே பட்டியலில் ‘கொடை நோட்டு இத்தனை, சிட்டைக் கட்டு இத்தனை’ என்றும் ஒரு வரி சேருங்கள். வாங்குகிறவர், கொடுக்கிறவர் இரண்டு பேரும் அதில் கையெழுத்துப் போடுங்கள்.