உள்ளங்கைக்குள் வந்த மாரியோ

நேயர்களுக்கு வணக்கம். எனக்கு முன்னால் மேசையில் ஒரு கேம் பாய் இருக்கிறது, நின்டெண்டோ நிறுவனத்தின் கையடக்க வீடியோ கேம் கருவி. 1989 ஏப்ரலில் ஜப்பானில் விற்பனைக்கு வந்ததே, அதே வடிவம். சாம்பல் நிறப் பெட்டி, முதுகில் நான்கு பென்சில் பேட்டரி, கிட்டத்தட்ட ஒரு தீப்பெட்டி அளவுக்குத் திரை. திரைக்குள் விளக்கு கிடையாது. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, வெளிச்சம் விழுகிற மாதிரி சாய்த்துப் பிடித்தால்தான் படம் தெரியும். நிறம் என்று பார்த்தால் பாசிப் பச்சையில் நான்கு சாயல், அவ்வளவுதான். எதாவது வேகமாக ஓடினால் பின்னாலேயே ஒரு மங்கல் நிழல் இழுபடும்.

இந்தத் திரைக்குள்தான் நின்டெண்டோ விளையாட்டுகளின் மீசைக்கார நாயகன் மாரியோவை ஓடவிட வேண்டியிருந்தது. வீட்டு டிவியில் 1985ல் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வந்தபோது படத்தின் அகலம் 256 புள்ளி. கேம் பாயில் அகலம் 160, உயரம் 144. அங்கே ஒரே பார்வையில் பதினாறு செங்கல் தூரம் தெரிந்தது. அதே அளவுச் செங்கலை இங்கே அடுக்கினால் பத்துதான் தெரியும். எதிரே என்ன வருகிறது என்று பார்த்துத் தாவுகிற விளையாட்டுக்கு அந்த ஆறு செங்கல் பெரிய இழப்பு.

கேம் பாய்க்காகவே வந்த மாரியோ விளையாட்டு சூப்பர் மாரியோ லேண்ட். அதைச் செய்தவர்கள் கேம் பாயையே வடிவமைத்த குழுவினர். தலைவர் குன்பெய் யோகோய், இயக்கியவர் சதோரு ஒகாடா. மாரியோவைப் படைத்த ஷிகெரு மியாமோட்டோ இதில் இல்லை. திரையைப் படைத்தவர்களுக்கு அதன் பலவீனம் அத்துப்படி. அதனால் உலகத்தையே சிறிதாக்கிவிட்டார்கள். செங்கல் பாதி அளவானது, திரையின் அகலத்தில் இருபது செங்கல் அடங்கியது. மாரியோ ஓர் அரிசி மணி அளவுக்குச் சுருங்கினார். முகம் சரியாகத் தெரியாது, ஆனால் தூரம் தெரியும். எது வேண்டும், எதை விட்டுக்கொடுக்கலாம் என்று அவர்களுக்குத் தெளிவு இருந்தது.

அதோடு நிற்கவில்லை. ஆமையை மிதித்தால் டிவியில் ஓடு கிடைக்கும், உதைத்து விளையாடலாம். இங்கே ஓடு வெடித்துவிடும், மிதித்த கையோடு விலகி ஓட வேண்டும். டிவியில் மாரியோவுக்கு நெருப்பு வீசும் சக்தி தந்த பூவுக்குப் பதில், இங்கே சுவரில் பட்டுத் தெறிக்கும் ஒரு பந்து. அந்தப் பந்தால் நாணயத்தைக்கூடப் பொறுக்கலாம்! எகிப்து பிரமிடும் ஈஸ்டர் தீவுச் சிலைகளும் பின்னணியில் வருகின்றன. இடையில் மாரியோ நீர்மூழ்கியிலும் விமானத்திலும் ஏறிச் சுடுகிறார். மொத்தம் பன்னிரண்டே லெவல். ஒரு பஸ் பயணத்துக்குள் முடித்துவிடலாம். சட்டைப் பைக்குள் போகிற விளையாட்டுக்கு அதுதான் சரியான நீளம் என்பேன். 1 கோடியே 80 லட்சம் பிரதிக்கு மேல் விற்றது.

இன்னொரு வழியும் இருந்தது. 1999ல் கேம் பாய் கலர் என்ற வண்ணத் திரைக் கருவிக்கு வந்த டீலக்ஸ் பதிப்பு, பழைய 1985 விளையாட்டையே எடுத்துக்கொண்டது. உருவங்கள் அதே அளவு, நிறமும் உண்டு. ஆனால் திரை சின்னது, அதனால் படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டன. மேலே என்ன இருக்கிறது, பள்ளத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க மேல், கீழ் பொத்தானை அழுத்திப் படத்தை நகர்த்த வேண்டும். ஆடிப் பாருங்கள், கூம்பா என்கிற காளான் மாதிரி எதிரி காலடிக்கு வந்த பிறகுதான் கண்ணில் படும். அந்தப் பதிப்பில் புதிதாகச் சேர்த்தவை எனக்குப் பிடிக்கும், ஆனால் அந்த வெட்டு மட்டும் கடைசிவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

நடுவில் 1992ல் லேண்ட் இரண்டாம் பாகம் வந்தது. மாரியோ மறுபடி பெரியவரானார், மீசைகூடத் தெரிந்தது. மாரியோவின் எதிராளி வாரியோ முதன்முதலில் வந்ததும் இதில்தான். அப்புறம் இன்னொரு நல்ல காரியம், ஆட்டத்தைச் சேமித்து வைக்க முடிந்தது. பஸ் வந்துவிட்டால் அணைத்துவிட்டு ஏறலாம், மறுநாள் தொடரலாம்.

வானொலியில் பேசுவதால் ஓசையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கேம் பாய்க்குள் ஒலிக்கு நான்கே தடம். இரண்டு மெட்டுக்கு, ஒன்று அடிநாதம் மாதிரியான அலைக்கு, ஒன்று வெறும் இரைச்சல், அதைத்தான் தாளமாக்குவார்கள். முதல் லேண்டுக்கு இசையமைத்த ஹிரோகாசு தனாகா இதை வைத்தே குதூகலமான ஒரு மெட்டைக் கட்டினார். டிவியில் கேட்ட பழைய மாரியோ மெட்டின் சாயலே அதில் கிடையாது.

சரி, பேட்டரி போட்டாயிற்று. ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் பிடிக்கிறேன். முதலில் திரையில் நின்டெண்டோ என்ற எழுத்து மேலிருந்து இறங்கி நின்றதும் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். அதற்கப்புறம் தொடக்கப் பொத்தானை அழுத்துகிறேன், முதல் லெவல். கேளுங்கள்.