பத்தும் பத்தும் இரண்டு ஆகும் கணக்கு | நாகர்கோவில் வ்லாக்

வணக்கம் மக்களே. நாகர்கோவிலில் இருந்துதான் பேசுகிறேன். வெளியே நல்ல மழை, சத்தம் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் பல வேலை ஓடும் புரோகிராம்களில் ஒளிந்திருக்கும் பிழையை எப்படிப் பிடிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. நேராகத் திரைக்கே போய்விடலாம்.

இந்தப் புரோகிராமைப் பாருங்கள். இரண்டு த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு வேலை, இருக்கிறது. இரண்டுக்கும் பொதுவாக ஒரு வேரியபிள், தொடக்கத்தில் அதன் மதிப்பு 0. ஒவ்வொரு த்ரெட்டும் அதில் பத்துத் தடவை ஒன்றைக் கூட்டுகிறது. ஒருவர் தொடும்போது மற்றவரை நிறுத்திவைக்கும் லாக் எதுவும் போடவில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தால் 20 வரும். ஆகக் குறைந்தது எவ்வளவு வரலாம்? வீடியோவை நிறுத்திவிட்டு யோசியுங்கள்.

பலரும் 10 என்பார்கள். விடை 2.

எப்படி என்று பார்ப்போம். ஒன்றைக் கூட்டுவது ப்ராசஸருக்கு மூன்று வேலை: மெமரியில் இருந்து படிக்க வேண்டும், கூட்ட வேண்டும், திரும்ப எழுத வேண்டும். முதல் த்ரெட் 0 என்று படித்துவிட்டு நிற்கிறது. அந்த நேரத்தில் இரண்டாவது ஒன்பது சுற்று ஓடி 9 என்று எழுதிவிடுகிறது. இப்போது முதல் த்ரெட் எழுந்து, கையில் வைத்திருந்த பழைய 0-வில் ஒன்றைக் கூட்டி 1 என்று எழுதுகிறது. ஒன்பது சுற்றும் போச்சு! இரண்டாவது தன் கடைசிச் சுற்றுக்கு அந்த 1-ஐப் படித்துக்கொண்டு நிற்கிறது. முதல் த்ரெட் மிச்சம் ஒன்பதையும் முடித்து 10 ஆக்குகிறது. கடைசியில் இரண்டாவது வந்து, 1-உம் 1-உம் 2 என்று எழுதிவிட்டுக் கிளம்புகிறது.

இதை உங்கள் லேப்டாப்பில் நாள் முழுக்க ஓட்டினாலும் 2 வராமலே போகலாம். அதுதான் எனக்குப் பயம். ஒவ்வொரு த்ரெட்டும் ஒரே ஒரு தடவை கூட்டினால்கூட, அந்த மூன்று மூன்று வேலைகளும் 20 விதமாகக் கலந்து வரலாம். அதில் 2 விதம் மட்டுமே சரியான விடை தரும், மிச்சம் 18 விதமும் தப்பான விடை. ஆனால் ஓட்டிப் பார்த்தால் திரும்பத் திரும்பச் சரியான விடையே வரும், ஏனென்றால் இரண்டாவது த்ரெட் தொடங்குவதற்குள் முதலாவது வேலையை முடித்திருக்கும். டெஸ்ட் பாஸ், எல்லோருக்கும் சந்தோஷம்.

இது வெறும் வகுப்பறைக் கணக்கு இல்லை. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேருக்குக் கரண்ட் போனது. ஒஹாயோவில் ஒரு கன்ட்ரோல் ரூமில் அலாரம் மென்பொருள் ஊமையாகிவிட்டது, அது ஊமையானதே அங்கே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்தபோது கிடைத்தது ரேஸ் கண்டிஷன், அதாவது மேலே பார்த்த மாதிரி யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து வரும் பிழை. அதே மென்பொருள் பல இடங்களில் மொத்தம் 30 லட்சம் மணி நேரத்துக்கு மேல் ஓடியும் அந்தப் பிழை தலைகாட்டியதே இல்லை. முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த நமக்கு, மின்கட்டமைப்பில் மென்பொருள் எவ்வளவு முக்கியம் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

சரி, என்ன செய்வது? மாடல் செக்கிங். டிசைனைச் சின்னதாக ஒரு மாடலாக எழுதிக் கொடுத்தால், அந்த மாடலில் வரக்கூடிய எல்லா நிலைகளையும் கருவி தானே தேடிப் பார்க்கும். பிழை இருந்தால் எந்த வரிசையில் வருகிறது என்று படிப்படியாகக் காட்டிவிடும். இந்த வேலைக்காகத்தான் கிளார்க், எமர்சன், சிஃபாகிஸ் மூவருக்கும் 2007-ஆம் ஆண்டின் டூரிங் விருது, கணினித் துறையின் நோபல் மாதிரி. அமேசான் பொறியாளர்கள் தங்கள் டைனமோடிபி டேட்டாபேஸின் டிசைனை, இப்படி மாடல் எழுதுவதற்கான டிஎல்ஏ பிளஸ் மொழியில் எழுதிப் பார்த்தபோது, 35 படி தாண்டினால் மட்டுமே வரும் ஒரு பிழை சிக்கியது. அதை டெஸ்ட் எழுதிப் பிடிப்பதெல்லாம் நடக்கிற காரியமா?

எதைச் சரிபார்க்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். ஒற்றை ரயில் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு வண்டி வரக் கூடாது, அதனால் ஒரு வண்டியை ஸ்டேஷனில் கிராசிங் போட்டு நிறுத்துவார்கள். மோதல் வரவே கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை என்றால், இரண்டு வண்டியையும் கிளப்பாமலே விட்டாலும் நிபந்தனை நிறைவேறிவிடும்! தப்பு நடக்கக் கூடாது, காத்திருப்பவருக்கு ஒருநாள் வழியும் கிடைக்க வேண்டும். இரண்டையும் தனித்தனியாக எழுதி நிரூபிக்க வேண்டும். முதலாவதை மட்டும் எழுதிவிட்டு, ஒருவருக்காக ஒருவர் காத்து எல்லோரும் நின்றுபோகும் டெட்லாக்கில் மாட்டுகிறவர்கள் நிறைய.

அப்புறம் ஹார்டுவேர். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1981-இல் வந்த பீட்டர்சன் அல்காரிதத்தை ஓஎஸ் பாடத்தில் படித்திருப்பீர்கள்: பொதுவான ஒரு பகுதிக்குள் ஒரே நேரத்தில் இரண்டு த்ரெட் நுழையாமல் பார்த்துக்கொள்ளும் முறை. நான் உள்ளே வர விரும்புகிறேன் என்று என் கொடியை ஏற்றுகிறேன், முதலில் நீ போ என்று முறையை உனக்கு விட்டுக்கொடுக்கிறேன், பிறகு உன் கொடியைப் பார்க்கிறேன்; அது இறங்கியிருந்தால் (0), அல்லது முறை எனக்கு வந்தால், உள்ளே போகிறேன். காகிதத்தில் நிரூபணம் கச்சிதம். அதையே இன்டெல், ஏஎம்டி வகையான எக்ஸ்86 ப்ராசஸரில் அப்படியே ஓட்டினால் உடையும். ப்ராசஸரின் ஒவ்வொரு கோரிலும் ஸ்டோர் பஃபர், அதாவது எழுதியதைக் கொஞ்ச நேரம் வைத்திருக்கும் இடம், இருக்கிறது. நான் ஏற்றிய கொடி முதலில் அங்கே போய் உட்காருகிறது, மெமரிக்குக் கொஞ்சம் கழித்துத்தான் போகும். அதற்குள் நான் உன் கொடியைப் படித்துவிடுகிறேன், 0. நீயும் என் கொடியைப் படிக்கிறாய், 0. இரண்டு பேரும் உள்ளே! நடுவில் ஒரு ஃபென்ஸ் கட்டளை போட்டால்தான் எழுதியது மெமரிக்குப் போன பிறகு படிப்பு நடக்கும். மொபைலில் இருக்கும் ஏஆர்எம் ப்ராசஸரில் இதைவிடத் தாராளமாக வரிசை மாறும்.

பீட்டர்சன் நிரூபணத்தில் தப்பில்லை. எழுதியது உடனே எல்லோருக்கும் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் அது நிற்கிறது. கணினி விஞ்ஞானி லாம்போர்ட் 1979-இல் சீக்வென்ஷியல் கன்சிஸ்டென்சி என்று வரையறுத்த ஒழுங்கு, அதாவது எல்லா வேலையும் ஒரே வரிசையில், ஒவ்வொரு த்ரெட்டின் வரிசையும் மாறாமல் நடந்த மாதிரி தெரிவது, இருந்தாலே அது போதும். எக்ஸ்86 அந்த ஒழுங்கைத் தருவதில்லை. அதனால் யாராவது நிரூபித்துவிட்டோம் என்றால், எந்த மெமரி மாடலின் மேல், அதாவது எழுதியது எப்போது மற்றவருக்குத் தெரியும் என்ற எந்த விதியின் மேல், என்று முதலில் கேளுங்கள்.

ஸ்பின் என்ற மாடல் செக்கிங் கருவி, டிஎல்ஏ பிளஸ் இரண்டும் இலவசம், சாதாரண லேப்டாப் போதும். நம்ம மாவட்டத்தில் இஞ்சினியரிங் படிக்கிற பிள்ளைகள் ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு இதை எடுக்கலாம் என்பது என் ஆசை. பீட்டர்சனை ஸ்பின்னில் எழுதி ஓட்டுங்கள், பிழையே காட்டாது. பிறகு ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒரு சின்ன ஸ்டோர் பஃபரை மாடலில் சேர்த்து, ஃபென்ஸ் இல்லாமல் ஓட்டுங்கள். வருகிற எரர் ட்ரெயிலை, அதாவது பிழை வந்த படிகளின் வரிசையை, கமெண்டில் போடுங்கள், அடுத்த வீடியோவில் அதை வரிவரியாகப் பிரித்துப் பார்ப்போம்.